காத்துல இருக்குற தூசி எதனால ஆனது? அளக்குறது எப்படி, ரிப்போர்ட்ல வர்ற 'பிடிஎல்' என்ன சொல்லுது

போன்ல ஏக்யூஐ, அதாவது காத்து எவ்ளோ சுத்தம்னு சொல்ற குறியீடு, பாக்குற பழக்கம் இப்ப நெறைய பேருக்கு வந்துடுச்சு. பிஎம் 2.5 இன்னிக்கு 60, ஐயோ ஜாஸ்தின்னு பேசிக்கிறோம். ஆனா அந்த நம்பர் வெறும் எடை மட்டும்தான். ஒரு கன மீட்டர் காத்துல 2.5 மைக்ரோமீட்டருக்கு கீழ இருக்குற துகள் எல்லாத்தையும் சேர்த்தா எத்தனை மைக்ரோகிராம் வருது, அவ்ளோதான். அது கடல் உப்பா, லாரி கக்குன கரியா, குப்பை எரிச்ச புகையா, பழைய பேட்டரி உருக்குற எடத்துல இருந்து வந்த ஈயமா, இதைப்பத்தி அந்த நம்பர் வாயே தெறக்காது. 60 மைக்ரோகிராம் உப்பும் 60 மைக்ரோகிராம் ஈயமும் உடம்புக்கு ஒண்ணா? இல்லைல்ல. அதனாலதான் எடைக்கு அப்புறம் அடுத்த கேள்வி வருது, இந்த தூசிக்குள்ள என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணும் எவ்ளோ இருக்குன்னு.

இதுல கஷ்டம் என்னன்னா அளவு ரொம்ப ரொம்ப சின்னது. நம்ம நாட்டுல 2009ல போட்ட காற்றுத்தர வரம்புகளை எடுத்துப் பாருங்க. பிஎம் 2.5க்கு வருஷ சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம். ஆர்சனிக்குக்கு 6 நானோகிராம், நிக்கலுக்கு 20 நானோகிராம், பென்சோ-ஏ-பைரீன்னு ஒரு புற்றுநோய் சரக்கு இருக்கு, அதுக்கு வெறும் 1 நானோகிராம். ஒரு மைக்ரோகிராம்னா ஆயிரம் நானோகிராம். அப்போ தூசியும் ஆர்சனிக்கும் ரெண்டும் கரெக்டா வரம்புலயே நிக்குதுன்னு வெச்சுக்கிட்டா, தூசியோட எடைல ஆறாயிரத்து சொச்சத்துல ஒரு பங்குதான் ஆர்சனிக். அதைத்தான் தேடிப் பிடிக்கணும்.

பொதுவா எல்லாரும் பண்றது ஃபில்டர் வழி. மொட்டை மாடில ஒரு சாம்பிளர் வெப்பாங்க, அது நிமிஷத்துக்கு 16.7 லிட்டர் காத்தை உறிஞ்சும், 24 மணி நேரம் ஓடுனா மொத்தம் 24 கன மீட்டர். 2.5க்கு மேல இருக்குற பெரிய துகளை முன்னாடியே ஒரு அமைப்பு தட்டி விட்டுடும், மீதி எல்லாம் 47 மில்லிமீட்டர் அகல வட்ட ஃபில்டர்ல வந்து ஒட்டிக்கும். காத்து 40 மைக்ரோகிராம் நாள்னா ஃபில்டர்ல சேர்றது 960 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராம் கூட இல்ல. ஃபில்டரோட எடையே நூறு மில்லிகிராமுக்கு மேல இருக்கும். அதனால ஃபில்டரை முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை ஒரு மைக்ரோகிராம் வரைக்கும் காட்டுற தராசுல எடை போடுவாங்க, போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஃபுல்லா ஒரே வெப்பம் ஒரே ஈரப்பதம் இருக்குற ரூம்ல வெச்சிருப்பாங்க, ஏன்னா உப்பு சல்ஃபேட் எல்லாம் ஈரத்தை இழுத்துக்கும், சென்னை மாதிரி ஊர்ல ரூமை விட்டு வெளிய எடுத்தாலே எடை ஏற ஆரம்பிச்சுடும். ஸ்டாட்டிக் கரண்ட் வேற தராசை ஏமாத்தும், அதை அடக்க பொலோனியம்ங்கிற கதிரியக்க உலோகம் போட்ட பட்டை கூட வெச்சிருக்குற லேப் உண்டு.

எடை முடிஞ்சா வேதியியல். ஒரே ஃபில்டர்ல எல்லாத்தையும் பாக்க முடியாது. உலோகம் பாக்க டெஃப்லான் ஃபில்டர். கார்பன் பாக்க குவார்ட்ஸ், ஏன்னா அதை அடுப்புல போட்டு சூடாக்கணும், டெஃப்லான் தாங்காது, அதோட டெஃப்லான்லயே கார்பன் இருக்கு. நைட்ரேட்டுக்கு நைலான். இந்த நைட்ரேட் ஒரு தலைவலி. அம்மோனியம் நைட்ரேட் வெயில் ஏறுனா அம்மோனியாவாவும் நைட்ரிக் ஆசிட் வாயுவாவும் பிரிஞ்சு ஃபில்டர்ல இருந்தே பறந்துடும், காலைல பிடிச்சது மதியம் இருக்காது. அதான் முன்னாடி நைட்ரிக் ஆசிட் வாயுவை வடிகட்டிட்டு பின்னாடி நைலான் வெக்கிறாங்க, துகள்ல இருந்து ஆவியாகி வர்றதை நைலான் திரும்பப் பிடிச்சுக்கும். குவார்ட்ஸ் இதுக்கு நேரெதிர், காத்துல வாயுவா இருக்குற கரிமப் பொருளையும் சேர்த்து உறிஞ்சிக்கிட்டு இல்லாத துகளை இருக்குன்னு காட்டும்.

சரி, இப்போ முக்கியமான சமாச்சாரம். டிடெக்ஷன் லிமிட், அதாவது ஒரு சரக்கு இருக்குன்னு கண்டுபிடிக்க முடிஞ்ச ரொம்ப சின்ன அளவு. அதைச் சொன்னா நெறைய பேர் நெனைக்கிறது, மெஷின் எவ்ளோ காஸ்ட்லியோ அவ்ளோ சின்னதை பாக்கும்னு. பாதிதான் உண்மை. மீதி பாதி ஒண்ணுமே இல்லாத ஃபில்டர்ல இருக்கு. தூசியே பிடிக்காத, பேக்கட்ல இருந்து எடுத்த ஃபில்டரை ஆசிட்ல கரைச்சு மெஷின்ல விட்டாலும் அது பூஜ்யம் காட்டாது, ஏதோ ஒரு நம்பர் வரும். ஃபில்டர் செய்யும்போது ஒட்டுனது, ஆசிட்ல இருந்தது, பாட்டில்ல இருந்தது, கைல இருந்தது, எல்லாம் சேர்ந்து. இதைத்தான் பிளாங்க்னு சொல்றாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், நம்பர் எல்லாம் விளக்கத்துக்காக நானா போட்டது. ஒரு லேப் ஏழு பிளாங்க் ஃபில்டர் ஓட்டுது, ஆர்சனிக் நானோகிராம்ல 4, 6, 5, 7, 3, 5, 5 வருது. சராசரி 5. இன்னொரு லேப்ல 2, 14, 5, 9, 1, 11, 0. சராசரி 6. சராசரியை மட்டும் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா நம்பர் எல்லாம் சராசரியை சுத்தி எவ்ளோ ஆடுதுன்னு காட்டுற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் முதல் லேப்ல 1.3, ரெண்டாவதுல 5.4. டிடெக்ஷன் லிமிட்டுக்கு வழக்கமா எடுக்குறது இதுல மூணு மடங்கு, அப்போ முதல் லேபுக்கு சுமார் 4 நானோகிராம், ரெண்டாவதுக்கு 16. ஃபில்டர் வழியா போன 24 கன மீட்டரால வகுத்தா முதல் லேப் ஒரு கன மீட்டர்ல 0.16 நானோகிராம் இருந்தாலே சொல்லிடும், ரெண்டாவது லேபுக்கு 0.68 வேணும். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மெஷின் இருந்தாலும் இதான் நெலமை.

ஏன் சராசரி முக்கியம் இல்லன்னா, மாறாம இருக்குறதை கழிச்சுடலாம். கல்யாண மண்டபத்துல சுருதிப் பெட்டி ஒரே சீரா ஓடிக்கிட்டு இருந்தா பக்கத்துல இருக்குற மாமா மெதுவா பேசுறது கேக்கும், காது அதை ஒதுக்கிடும், ஆனா தவில் எப்போ ஓங்கி விழும்னு தெரியாம விழுந்துக்கிட்டே இருந்தா மாமா கத்துனாலும் கேக்காது. பிளாங்க்ல ஆட்டம்தான் பிரச்சனை, அளவு இல்ல. மூணு மடங்குன்னு ஏன் வெச்சாங்கன்னா, வெறும் ஆட்டத்துனால மட்டும் ஒரு நம்பர் அவ்ளோ தூரம் மேல போறது ரொம்ப அபூர்வம், அதனால அதைத் தாண்டிட்டா நிஜமாவே ஏதோ இருக்குன்னு தைரியமா சொல்லலாம். இருக்கு இல்லன்னு சொல்றதுக்குத்தான் மூணு, இவ்ளோ இருக்குன்னு நம்பி நம்பர் சொல்லணும்னா பத்து மடங்கு வேணும்பாங்க.

பிளாங்க் விஷயத்துல ஒரு பழைய கதை உண்டு. க்ளேர் பேட்டர்சன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், விண்கல்லுல இருக்குற ஈயத்தை வெச்சு பூமியோட வயசு கண்டுபிடிக்கப் போனவர். எங்க அளந்தாலும் ஈயம் தாறுமாறா வந்துச்சு, பாத்தா அது கல்லுல இருந்து வரல, லேப் காத்து, தண்ணி, கண்ணாடி, ஆசிட், எல்லாத்துலயும் ஈயம். அவர் லேபையே கழுவுனார். ஆசிட்டை திரும்பத் திரும்ப வடிச்சு, வடிகட்டுன காத்து வர்ற ரூம் கட்டி, அப்புறம்தான் 1956ல 455 கோடி வருஷம்னு அந்த வயசை வெளியிட்டார். அந்த ஈயத்துல பெரும்பங்கு பெட்ரோல்ல கலந்ததுல இருந்து வருதுன்னு பின்னாடி கம்பெனிகளோட மல்லுக்கு நின்னதும் இவரேதான்.

இனி மெஷினுக்கு வருவோம், இங்கயும் ஆட்டம் வேற ரூபத்துல வரும்.

எக்ஸ்ஆர்எஃப்னு ஒண்ணு. ஃபில்டர் மேல எக்ஸ்ரே அடிச்சா ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு ஒரு ஆற்றல்ல எக்ஸ்ரேயை திருப்பி விடும், அந்த ஆற்றலைத்தான் கோடும்பாங்க, கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல அளப்பாங்க, அதை வெச்சு யார் யாருன்னு சொல்லலாம். ஃபில்டரை கரைக்க வேணாம், கிழிக்க வேணாம், அப்படியே வெச்சா போதும், அதனால எனக்குப் பிடிச்ச முறை இதுதான். ஆனா பாருங்க, ஆர்சனிக்கோட முக்கிய கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல வருது, ஈயத்தோட கோடு 10.55ல வருது. டிடெக்டரால இவ்ளோ கிட்ட இருக்குறதை பிரிக்கவே முடியாது, ரெண்டும் சேர்ந்து ஒரே மேடா தெரியும். ஈயத்தோட இன்னொரு கோடு 12.6ல தனியா நிக்கும், அதை வெச்சு ஈயம் எவ்ளோன்னு கணிச்சு இந்த மேட்டுல இருந்து ஈயத்தோட பங்கை கழிச்சா மீதி ஆர்சனிக். பெரிய நம்பர்ல இருந்து பெரிய நம்பரை கழிச்சு சின்ன நம்பர் எடுக்குற வேலை இது, ஈயம் ஜாஸ்தியா இருக்குற நாள்ல ஆர்சனிக்கோட டிடெக்ஷன் லிமிட் தானா ஏறிடும். மெஷின் அதேதான், ஃபில்டர் மாறுனதுக்கே எல்லை மாறிடுச்சு.

தீபாவளி ஃபில்டர்லயும் இதே கூத்து. பட்டாசுல பச்சைக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், வெடி மருந்துல பொட்டாசியம், வெள்ளை மத்தாப்புக்கு அலுமினியம் மெக்னீசியம். பேரியம் உப்பு போட்ட பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் 2018ல தடை போட்டதுல இருந்து பேரியத்தை அளக்குறது வெறும் ஆராய்ச்சி வேலையா இல்லாம ஆயிடுச்சு, சிவகாசிக்காரங்களுக்கு இது பொழப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஆனா பேரியத்தோட கோடு 4.47ல இருக்கு, டைட்டானியத்தோட கோடு 4.51ல. டைட்டானியம் சாதாரண மண்ணுலயே இருக்கு, ரோட்டு தூசில இருக்கு, சில பட்டாசுல பொறி பறக்குறதுக்கும் போடுறாங்க. சும்மா 4.5 கிட்ட ஒரு மேடு தெரிஞ்சதும் இதோ பேரியம்னு எழுதுனா தப்பாயிடும். பேரியத்துக்கு 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிட்ட இன்னொரு கோடு இருக்கு, அதை எழுப்ப எக்ஸ்ரே குழாய்க்கு கூடுதல் வோல்டேஜ் குடுக்கணும், அப்படி குடுத்து அங்க பாத்தா டைட்டானியம் தொல்லை இல்ல. பொட்டாசியத்தை மட்டும் வெச்சு பட்டாசுன்னு முடிவு கட்டுறதும் சரியில்ல, விறகு எரிச்சாலும் பொட்டாசியம் வரும்.

அடுத்தது ஐசிபி-எம்எஸ். ஃபில்டரை ஆசிட்ல கரைச்சு, அந்த கரைசலை பல ஆயிரம் டிகிரி ஆர்கான் ப்ளாஸ்மாக்குள்ள ஸ்ப்ரே பண்ணி அணுவா உடைச்சு, அணுவோட நிறையை வெச்சு எண்ணும். எக்ஸ்ஆர்எஃப் பாக்க முடியாத அளவையும் இது பாக்கும். 6 நானோகிராம் வரம்புல இருக்குற காத்தை 24 கன மீட்டர் பிடிச்சா ஃபில்டர்ல 144 நானோகிராம் ஆர்சனிக் இருக்கும், அதை 20 மில்லில கரைச்சா ஒரு மில்லிக்கு 7 நானோகிராம், இந்த மெஷினுக்கு இதெல்லாம் அல்வா. ஆனா இங்கயும் ஆர்சனிக்குக்கு நேரம் சரியில்ல. அதோட நிறை 75, அதுக்கு வேற ஐசோடோப்பும், அதாவது வேற நிறைல இருக்குற அதே தனிமமும், இயற்கைல கிடையாது. ப்ளாஸ்மால இருக்குற ஆர்கான் 40, குளோரின் 35, ரெண்டும் ஒட்டிக்கிட்டா 75. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கடலோர ஊர் ஃபில்டர்ல உப்பு வழியா குளோரின் தாராளமா இருக்கும், அப்போ உப்புக் காத்து அடிச்ச நாள்ல எல்லாம் ஆர்சனிக் ஏறுன மாதிரி தெரியும்!

இதுக்கு பண்ணிருக்குற வேலை எனக்கு ரொம்ப பிடிக்கும். வழில ஒரு சின்ன அறை வெச்சு ஹீலியம் நிரப்புவாங்க. ஆர்கான் குளோரைடு ரெண்டு அணு ஒட்டுனதால உடம்பு பெருசு, போற வழில ஹீலியம் மேல ஜாஸ்தி தடவை மோதி வேகம் போயிடும், ஆர்சனிக் தனி அணு, கம்மியா மோதி கொஞ்சம் வேகத்தோட வெளிய வரும், கடைசில ஒரு சின்ன வோல்டேஜ் தடுப்பு வெச்சா சோர்ந்து போனதெல்லாம் அங்கயே நின்னுடும். இதுல கவனிக்க வேண்டியது, ஆர்சனிக்கோட சிக்னலும் சேர்ந்துதான் குறையுது. அதாவது மெஷினோட சென்சிட்டிவிட்டி குறைஞ்சு போச்சு, ஆனாலும் டிடெக்ஷன் லிமிட் நல்லாயிடுச்சு, ஏன்னா பொய் சிக்னல் அதைவிட பல மடங்கு விழுந்துடுச்சு.

ஃபில்டர் எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு நம்பர்தான் குடுக்கும், ரிசல்ட் வர வாரக்கணக்குல ஆகும். அதே எடத்துல உக்காந்து அரை மணிக்கு ஒரு தடவை சொல்ற மெஷினும் இருக்கு, ஏரோசால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதோட சின்ன தம்பி ஏசிஎஸ்எம். காத்தை வேக்யூமுக்குள்ள இழுத்து, துகளை எல்லாம் ஒரு மெல்லிய கோடா குவிச்சு, 600 டிகிரி சூட்டுல இருக்குற ஒரு தகட்டுல மோத விடும். ஆவியானதும் எலக்ட்ரானால அடிச்சு உடைச்சு நிறை பாக்கும். 600 டிகிரிக்கு ஆவியாகாத மண்ணு, கரி, கடல் உப்பு இதெல்லாம் இதுக்கு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, இதை மறந்துட்டு இது சொல்றதுதான் மொத்த தூசின்னு நெனைக்கக் கூடாது.

2011ல ஏசிஎஸ்எம்மை அறிமுகம் பண்ணப்போ அரை மணி சராசரிக்கு சொன்ன எல்லைகளைப் பாருங்க: ஒரு கன மீட்டருக்கு நைட்ரேட் 0.012 மைக்ரோகிராம், சல்ஃபேட் 0.024, ஆனா அம்மோனியம் 0.284. ஒரே மெஷின், அம்மோனியம் மட்டும் நைட்ரேட்டை விட இருபது மடங்குக்கு மேல மோசம். காரணம் அம்மோனியம் உடைஞ்சா வர்ற துண்டுகள் நிறை 15, 16, 17ல விழும். வேக்யூமுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி ஆவியும் காத்தும் ஒட்டிக்கிட்டு இருக்கும், தண்ணி உடைஞ்சா 16, 17, 18. அதாவது அம்மோனியம் உக்கார வேண்டிய சீட்ல ஏற்கனவே தண்ணியும் ஆக்சிஜனும் உக்காந்திருக்கு. அதான் மெஷின் ஆன் பண்ணதும் டேட்டா எடுக்காம நாள் கணக்கா பம்பு ஓட விட்டு தண்ணியை வெளியேத்துவாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் நேரடி காத்து, கொஞ்ச நேரம் ஃபில்டர் வழியா வர்ற துகள் இல்லாத காத்துன்னு மாத்தி மாத்தி எடுத்து கழிச்சுக்கிட்டே இருக்கும். இதைவிட உசத்தி மாடல் நிறையை தசமத்துல பிரிக்கும், அம்மோனியா 17.027, தண்ணியோட துண்டு 17.003, அந்த 0.024 வித்தியாசத்துல ரெண்டும் தனித்தனி மேடா நின்னுடும்.

இந்த மாதிரி அளவைல இருந்து என்ன தெரிய வரும்னா, டெல்லி குளோரைடு நல்ல உதாரணம். சென்னை ஐஐடியில இருக்குற சச்சின் குந்தே குழுவும் மத்தவங்களும் டெல்லியிலயும் சென்னையிலயும் அளந்து 2021ல வெளியிட்டாங்க. டெல்லில துகள்ல இருந்த குளோரைடு உலகத்துல பதிவானதுலயே ரொம்ப அதிகமானதுல ஒண்ணு. டெல்லில கடல் இல்ல, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாயுவா வெளிய வந்து அங்க ஏற்கனவே கெடக்குற அம்மோனியாவோட சேர்ந்து துகளுக்குள்ள போகுது, பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிக்கிறதும் தொழிற்சாலையும் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. அது தண்ணியை இழுத்து துகளை ஊத வெக்குது, அதுதான் குளிர்கால மூட்டத்துல கண்ணு தெரியாம போறதுல பாதிக்கு காரணம்னு கணக்கு. எடையை மட்டும் அளந்துட்டு இருந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது.

டிடெக்ஷன் லிமிட்டை இன்னும் கீழ கொண்டு போக வேற வழி என்னன்னா, நேரம். அரை மணிக்கு பதிலா ரெண்டு மணி சராசரி எடுத்தா ஆட்டம் பாதியாகும், நாலு மடங்கு நேரத்துக்கு ரெண்டு மடங்கு லாபம், பேரம் கொஞ்சம் கட்டுபடியாகாதுதான். அதுக்குள்ள மெஷின் மெதுவா வழுக்கிப் போனா அந்த லாபமும் இல்ல. இன்னொரு வழி காத்தை ஜாஸ்தி பிடிக்கிறது. ஹை-வால்யூம் சாம்பிளர் ஒரு நாள்ல 1600 கன மீட்டர் இழுக்கும், கேக்க பிரமாதமா இருக்கும், ஆனா அதோட ஃபில்டர் ஏ4 பேப்பரை விட கொஞ்சம்தான் சின்னது, 400 சதுர சென்டிமீட்டர் பரப்புல தூசி பரவிக் கெடக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் வழியா போன காத்துன்னு பாத்தா 4 கன மீட்டர்தான், சின்ன 47 மில்லிமீட்டர் ஃபில்டர்ல அது 2. அவ்ளோ ஆர்ப்பாட்டத்துக்கும் ரெண்டு மடங்கு! அதுலயும் ஃபில்டர் கண்ணாடி நாரா இருந்தா பிளாங்க்லயே உலோகம் கொட்டிக் கெடக்கும். அமெரிக்கால தேசிய பூங்காக்கள்ல 1988ல இருந்து அளக்குற இம்ப்ரூவ் நெட்வொர்க் இதைத் தலைகீழா யோசிச்சாங்க, அங்க காத்து சுத்தம், தூசியே கம்மி, அதனால 25 மில்லிமீட்டர் சின்ன ஃபில்டர்ல நிமிஷத்துக்கு 23 லிட்டர் கிட்ட இழுத்தாங்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9 கன மீட்டர் வந்துடுச்சு. எக்ஸ்ஆர்எஃப் பாக்குறது மேல இருக்குற பரப்பைத்தான், தூசி ஒரே எடத்துல குவிஞ்சா அதுக்கு கொண்டாட்டம். தூசி ஊர்ல இதையே வெச்சா ஃபில்டர் அடைச்சு பம்பு திணறும், அது வேற விஷயம்.

கடைசியா பிடிஎல். பிலோ டிடெக்ஷன் லிமிட். தொழிற்சாலை அனுமதிக்கு போடுற சுற்றுச்சூழல் ரிப்போர்ட்ல ஆர்சனிக் பிடிஎல், நிக்கல் பிடிஎல், ஈயம் பிடிஎல்னு வரிசையா இருக்கும், படிக்கிறவங்க சரி ஒண்ணும் இல்லன்னு பக்கத்தை திருப்பிடுவாங்க. ஒண்ணும் இல்லன்னு அது சொல்லவே இல்ல. எங்களால பாக்க முடிஞ்ச எல்லைக்கு கீழன்னுதான் சொல்லுது, அந்த எல்லை எவ்ளோன்னு பக்கத்துல போடலன்னா அந்த வரியால ஒரு பிரயோஜனமும் இல்ல. டிடெக்ஷன் லிமிட் 10 நானோகிராம் இருக்குற லேப், 6 நானோகிராம் வரம்பு இருக்குற ஆர்சனிக்கை அளந்துட்டு பிடிஎல்னு எழுதுனா, காத்துல 9 இருந்தாலும் அதே பிடிஎல்தான் வரும். அதனால கேளுங்க: எல்லை எவ்ளோ, எத்தனை கன மீட்டர் காத்து, எந்த ஃபில்டர், ஃபீல்டு பிளாங்க் போட்டீங்களா. ஃபீல்டு பிளாங்க்னா மொட்டை மாடி வரைக்கும் எடுத்துட்டுப் போய் சாம்பிளர்ல மாட்டி, பம்பு போடாம திருப்பி எடுத்துட்டு வந்த ஃபில்டர், லேப்லயே டப்பால தூங்குன பிளாங்க் இதுக்கு ஈடு இல்ல.

வருஷ சராசரி போடும்போது இந்த பிடிஎல் நாளை என்ன பண்றதுன்னு இன்னொரு தகராறு. பூஜ்யம் போட்டா சராசரி கீழ போயிடும், எல்லையையே போட்டா மேல போயிடும், அதனால பாதி போடுறது பல பேர் வழக்கம். பாதி நாளுக்கு மேல பிடிஎல்னா அந்த சராசரி காத்தைப் பத்தி சொல்றதை விட நாம எந்த நம்பரை போட்டோம்ங்கிறதைத்தான் ஜாஸ்தி சொல்லும். என்னைக் கேட்டா மெஷின் குடுத்த நம்பரை, அது பிளாங்க்கை கழிச்சு மைனஸ்ல வந்தா கூட, அப்படியே எழுதி பக்கத்துல எல்லையையும் எழுதிடுறதுதான் நேர்மை. மைனஸ் ஆர்சனிக் எங்கயாவது உண்டான்னு கேப்பாங்க. காத்துல கிடையாதுதான், ஆனா பூஜ்யத்தை சுத்தி ஆடுற அளவைல பாதி நாள் மைனஸ் வந்தாதான் மீதி பாதி நாள் வந்த ப்ளஸ்ஸோட சேர்ந்து சராசரி சரியா வரும், மைனஸை மட்டும் அழிச்சுட்டு சராசரி எடுத்தா இல்லாத ஆர்சனிக் வந்து உக்காந்துக்கும்.